அரை நாள் வேலைக்கு ஆள் எங்கே?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருந்தார். குளியலறைச் சுவரில் ஒரு முழத்துக்குப் பூச்சு உதிர்ந்ததைச் சரி செய்ய 9 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்களாம். கொத்தனாரைக் கூப்பிடுவதற்குப் பதில் கொள்ளைக்காரனைக் கூப்பிடலாம் என்று முடித்திருந்தார். அடுத்த வாரமே இன்னொரு சகோதரி, சிமெண்ட்டையும் கரண்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நாமே செய்தால் என்ன என்று பதில் போட்டிருந்தார். இரண்டையும் படித்தேன். இரண்டிலுமே எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூலியைப் பார்ப்போம். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கொத்தனாருக்கு நாள் கூலி 1,000 ரூபாய். கையாள் ஆணாக இருந்தால் 800. சித்தாள் பெண்ணாக இருந்தால் 600. (இந்த 200 ரூபாய் வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன். அது வயிற்றெரிச்சல் தனி.) காலை ஒன்பதரைக்கு வந்து, பதினோரு மணிக்கு டீயும் வடையும், மதியம் ஒரு மணி நேரம் சாப்பாடு, மறுபடி டீ என்று ஐந்தரைக்குக் கை கால் கழுவிக் கிளம்பி விடுவார்கள். 'இதற்கா ஆயிரம்?' என்று நமக்குத் தோன்றுவது இயற்கைதான்.

ஆனால் அந்த ஆளுக்கு மாதம் முப்பது நாளும் வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த கொத்தனாரிடம் நான் கேட்டேன். "ஐப்பசி, கார்த்திகையில பத்து நாள் வேல தேறுனாலே பெரிய காரியம் தங்கச்சி. மீதி நாள்லாம் வட்டிக்கு வாங்கித்தான் பொழப்பு ஓடுது" என்றார். முன்னீர்பள்ளத்துக்கு அந்தாண்டை இருந்து பைக்கில் வருகிறார். பெட்ரோல் அவர் செலவு. மட்டக்கோல், ரசமட்டம், கரண்டி, சாந்துச் சட்டி எல்லாம் அவருடையது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் அதுவும் அவருடையதுதான்.

இப்போது, ஒரு முழப் பூச்சுக்கு 9 ஆயிரம் எப்படி வருகிறது என்று பாருங்கள். வேலை என்னவோ அரை நாள்தான். ஆனால் அரை நாள் வேலைக்கு வருகிறவர் மீதி அரை நாளை யாரிடம் விற்பார்? அவருக்கு ஒரு நாள் போய்விடுகிறது. இன்று பூசி, நாளை காய்ந்த பின் மேல்பூச்சு என்றால் இரண்டு நாள். அதே இரண்டு நாள் ஒரு புது வீட்டு வேலைக்குப் போனால் தொடர்ந்து மூன்று மாதம் ஓடும். கேரளாவுக்குப் பஸ் ஏறினால் இன்னும் கூடுதல் கூலி. சிமெண்ட் கால் மூட்டை போதும், கடையில் முழு மூட்டைதான். மணல் நாலு சட்டி போதும், லோடு வண்டி வாடகை மட்டும் குறையாது. ஆக, சின்ன வேலைதான் உண்மையில் விலை கூடிய வேலை. பத்து மூட்டை அரிசி வாங்குகிறவரை விட அரைக் கிலோ வாங்குகிறவர் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது போலத்தான் இதுவும். இதில் கொள்ளை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் ஏமாற்றுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள், இருக்கிறார்கள். அதையும் சொல்கிறேன்.

2025-ம் ஆண்டு ஆடி மாதம். மழைக்கு முன் எங்கள் வீட்டில் நாலு வேலை முடிக்க வேண்டியிருந்தது. பின்வாசல் சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. மொட்டை மாடியில் ஒரு மூலையில் தட்டோடு வெடித்து அடுக்களை ஓரமாகச் சொட்டியது. குளியலறை வெளிச்சுவரில் ஓதம். கழிவுநீர்த் தொட்டி மூடியில் விரிசல். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு காண்டிராக்டரை வரச் சொன்னோம். வந்தார். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார். மாடிக்குப் பாதிப் படி ஏறிவிட்டு இறங்கினார். ஒரு துண்டுச் சீட்டில் '62,000' என்று எழதி நீட்டினார். அவ்வளவுதான், எந்த வேலைக்கு எவ்வளவு, எத்தனை ஆள், எத்தனை மூட்டை, ஒரு விவரமும் கிடையாது. "இதப் பிரிச்சு எழுதித் தாங்களேன்" என்றேன். "அதெல்லாம் ஒங்களுக்கு வெளங்காதுக்கா. சாயங்காலம் சார் வரட்டும், நான் சார்ட்ட பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சகோதரிகளே, அடுப்படி ஓதத்தில் தினமும் நிற்பது நான். எந்த மழைக்கு எந்த இடத்தில் சொட்டும் என்று தெரிந்து பாத்திரம் வைக்கிறவள் நான். சாருக்கு என்ன தெரியும், பாவம்! காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருகிறார்.

அதே வேலைக்கு இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் 41 ஆயிரம், இன்னொருவர் 35 ஆயிரம். ஒரே சன்ஷேடு, ஒரே தட்டோடு, மூன்று விலை. கடைசியில் மொத்தக் குத்தகையே வேண்டாம் என்று நாள் கூலிக்கு ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் வைத்து ஐந்து நாளில் முடித்தோம். கணக்கு நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். கொத்தனாருக்கு 5 நாள் 5,000. சித்தாளுக்கு 3,000. சிமெண்ட் 6 மூட்டை, மூட்டை 340 வீதம் 2,040. பூச்சு மணல் வண்டி வாடகையோடு 3,000. தட்டோடு 2,400. நீர்க்கசிவு தடுக்கும் திரவம் 900. கம்பியின் துருவைத் தேய்க்கும் பிரஷும் துருவுக்குப் பூசும் மருந்தும் 350. இடிபாடு அள்ளிய வண்டிக்கு 1,200. டீ, வடை 600. மொத்தம் 18,490 ரூபாய்.

இதைப் படித்ததும் 'பார்த்தீர்களா, 43 ஆயிரத்தை மிச்சம் பிடித்தாள்' என்று நினைப்பீர்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் சொன்னாள். அங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஐந்து நாளும் மேஸ்திரி வேலை பார்த்தது யார்? நான். ஹார்டுவேர் கடைக்கு நாலு நடை நடந்தவள் நான். ஜல்லியும் தூசியும் கலக்காத மணலா என்று கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தவள் நான். கலவை ஒன்றுக்கு மூன்றா, ஐந்தா என்று சட்டியை எண்ணினவள் நான். அவர்கள் போன பிறகு காலையும் மாலையும் ஏழு நாள் பூச்சுக்குத் தண்ணீர் விட்டவளும் நான்தான். காண்டிராக்டர் கேட்ட தொகையில் இந்த மேற்பார்வைக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் வந்து செய்தால் அதற்குப் பெயர் லாபம். நாம் செய்தால் அதற்குப் பெயரே கிடையாது, 'சும்மா வீட்டில்தானே இருக்கே' என்பதோடு சரி.

ஆகவே, வேலைக்குப் போகும் சகோதரிகள், கைக்குழந்தைக்காரிகள், வயதான மாமனார் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறவர்கள் குத்தகைக்குத்தான் விட வேண்டியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குத்தகைக்கு விட்டாலும் சீட்டு மட்டும் பிரித்து எழுதி வாங்குங்கள் என்பதுதான் என் வாதம். ஆள் எத்தனை நாள், சாமான் எவ்வளவு, கழிவு அள்ளுவது யார் பொறுப்பு, மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகினால் வந்து பார்ப்பாரா, மாட்டாரா. எழுத மறுக்கிறவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் பணத்தையும் வேலை முடிய முடியக் கொடுக்கலாம். முழுத்தொகையையும் முதல் நாளே கொடுத்தால் ஆள் அடுத்த சைட்டில்தான் இருப்பார்.

சாமான் விலை ஏறியதற்குக் கொத்தனார் காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையில் குடியிருக்கிறோம், வீட்டுப் பூச்சுக்கு ஆற்று மணல் கிடையாது. எங்கள் அம்மா வீடு கட்டும்போது மாட்டு வண்டியில் மணல் வந்து இறங்கியதாம். பிறகு லாரி வந்தது, ஜே.சி.பி. வந்தது, ஆறு பள்ளம் பள்ளமாகப் போனது. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2010-ல் தாமிரபரணியில் ஐந்தாண்டுக்கு மணல் அள்ளத் தடை வாங்கினார். நல்ல காரியம். ஆறு இருந்தால்தானே குழாயில் தண்ணீர் வரும்? அதனால் எம் சாண்ட், பூச்சுக்குப் பி சாண்ட் என்று குவாரிப் பொடியை விலை கொடுத்து வாங்குவதை நான் நஷ்டம் என்று நினைக்கவில்லை. சிமெண்ட் சமாச்சாரம் வேறு. பக்கத்துத் தாழையூத்தில் சங்கர் நகர் ஆலை 1949-லேயே ஓட ஆரம்பித்தது. ஆலைப் புகையை நாம் பார்த்தோம், விலை மட்டும் சென்னைக்காரருக்கு என்னவோ அதேதான் நமக்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிமெண்ட்டுக்கு 28 சதவீதம் வரி போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 சதவீதம் ஆனது. என் வேலை ஆடியிலேயே முடிந்துவிட்டது, என் அதிர்ஷ்டம் அப்படி.

வெள்ளத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஜங்ஷன் பஸ் நிலையம் குளமானது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த என் அத்தையே (மாமியாரைத்தான் சொல்கிறேன்) 'இதுக்கு அது தேவலை' என்றார். வீட்டுக்குள் இடுப்பளவு நின்ற தண்ணீர் வடிந்த பிறகு அரசு நிவாரணமாக 6 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. வாங்கினவர்கள் நன்றியோடுதான் வாங்கினார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாலு நாள் வந்தால் அந்தப் பணம் தீர்ந்தது. அதுவும் ஆள் கிடைத்தால்! ஊர் முழுக்கச் சுவர் ஊறிக் கிடக்கும்போது எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கொத்தனார் வேண்டியிருந்தது. பொங்கல் கழிந்தும் ஈரச் சுவரோடு இருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்ற சகோதரிக்கு ஒரு வார்த்தை. உங்கள் தைரியத்தைப் பாராட்டுகிறேன். தரை டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் அடைப்பது, ஆணி ஓட்டை மூடுவது, குழாய்க்கு வாஷர் மாற்றுவது எல்லாம் நம் கைக்கு அடங்கும். ஆனால் சன்ஷேடில் கம்பி தெரிகிறதே, அதன் மேல் நாமே சிமெண்ட்டைக் குழைத்து அப்பினால் பார்வைக்கு மூடிவிடும், உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள காரையைப் பிளந்து தள்ளும். தளர்ந்த காரையை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, மருந்து பூசி, பிறகுதான் பூச வேண்டும். கம்பி கரைந்து மெலிந்திருந்தால் பூசவே கூடாது, என்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அடியில் நிற்பது நம் பிள்ளைகள் அல்லவா?

2021 டிசம்பர் 17-ல் நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு அனுப்பிய பிள்ளைகள். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதானவற்றை இடித்தார்கள். பள்ளிக்கூடத்தை ஆய்வு செய்ய அரசு ஆள் அனுப்பும். நம் வீட்டுச் சுற்றுச்சுவரை, மாடிக் கைப்பிடிச் சுவரை, தொட்டி மூடியைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால்தான் செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்பதற்கும் வட்டி ஏறும்.

ஒரு சின்ன உதாரணம். காக்கா எச்சத்தில் விழுந்த அரச விதை மாடிச் சுவர் இடுக்கில் முளைக்கும். இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் கிள்ளி, வேரோடு பிடுங்கி எறிந்தால் காசு செலவே இல்லை. மூன்று வருஷம் விட்டால் வேர் சுவருக்குள் இறங்கி, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் எதிர் வீட்டில் அப்படித்தான் இடித்தார்கள், 14 ஆயிரம். அந்த வீட்டில் பூட்டுப் போட்டுவிட்டு மகனோடு சென்னையில் இருந்தார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினை ஏன் இவ்வளவு இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணம் சுண்ணாம்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்போம் அல்லவா? சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டு நீற்றி, நீலம் கலந்து, வஜ்ரம் காய்ச்சி ஊற்றி, மட்டையால் அடிப்பார்கள். அடிக்கு முன் ஒட்டடை அடிக்க வேண்டும், பரணைக் காலி செய்ய வேண்டும், பீரோவை நகர்த்த வேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை வீட்டின் எல்லா மூலையும் ஒரு மனுஷர் கண்ணில் பட்டுவிடும். கீறல் இருந்தால் அப்போதே அடைத்துவிடுவார்கள். இப்போது எமல்ஷன் பெயிண்ட். ஆறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று விளம்பரம். சுவருக்கு வேண்டுமானால் கவலையில்லை, பீரோவுக்குப் பின்னால் ஓதம் ஏறுவதை யார் பார்த்தது?

இன்னொன்று, எங்கள் ஆச்சி காலத்தில் ஒவ்வொரு வளவுக்கும் வாடிக்கைக் கொத்தனார் உண்டாம். மழைக்கு முன் கூப்பிடாமலே வந்து ஓடு மாற்றி, தட்டட்டியைப் பார்த்துவிட்டுப் போவாராம். பிசான அறுவடையில் நெல்லும், தீபாவளிக்கு வேட்டியும் கொடுப்பார்களாம். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கொத்தனாரைத் திண்ணைக்கு மேல் ஏற விட மாட்டார்கள் என்பதையும் ஆச்சிதான் சொன்னாள். வருஷம் தவறாமல் பார்த்துவிடும் அந்த முறை மட்டும் நல்ல முறை. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அத்தனை கால்வாய். மராமத்து என்ற வார்த்தையே நமக்குக் குளத்திலும் வாய்க்காலிலும் இருந்து வந்து பழக்கமானதுதானே. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் ஊர் கூடி வாய்க்காலில் புல் செதுக்கித் தூர் எடுப்பார்கள். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடினால் ஆகுமா?

வீட்டுக்கும் அப்படியொரு மாதம் வைத்துக்கொள்ளலாம். நான் ஆவணியை வைத்திருக்கிறேன். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், ஐப்பசி பிறக்கும் முன் கொத்தனார் வேலை காய்ந்திருக்க வேண்டும். முதல் வேலை, மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு சன்ஷேடு அடிப்பகுதி. தட்டோட்டைச் சின்னக் கம்பால் தட்டிக்கொண்டே போனால் பெயர்ந்த ஓடு 'டொக் டொக்' என்று வேறு சத்தம் கொடுக்கும், அதில் சாக்பீஸால் கோடு போட்டு வைக்கலாம். சுவரில் ஓதம் கண்டால் உடனே பூச்சை உரிக்கச் சம்மதிக்காதீர்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் தண்ணீர் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அப்போது முதலில் வர வேண்டியவர் பிளம்பர், கொத்தனார் அல்ல. எங்கள் குளியலறைச் சுவரில் அதுதான் நடந்தது. 120 ரூபாய் முட்டிக் குழாய் மாற்றியதும் கசிவு நின்றது. அதற்குப் பிறகு பூச்சு உதிர்ந்த இடத்தை மட்டும் பூசினோம். 62 ஆயிரம் சீட்டு எழுதியவர் சுவர் முழுக்க உரித்துப் பூச வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். பூசியிருந்தால் அடுத்த கார்த்திகையில் மறுபடி ஓதம், மறுபடி சீட்டு.

பணத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். சீட்டுப் பணம், பால் பணம், கேஸ் பணம் என்று டப்பா டப்பாவாக வைக்கிற நமக்கு இன்னொரு டப்பா பாரமா? மாதம் 500 வைத்தால் வருஷத்துக்கு 6,000. பெரிய வேலைக்குப் போதாதுதான். ஆனால் சின்ன வேலையைச் சின்னதாக இருக்கும்போதே முடிக்கப் போதும். எங்கள் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவரே சில்லறையைப் போடுகிறார்.

அரை நாள் வேலைக்கு ஆள் வராத பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டோம். எங்கள் தெருவில் மூன்று வீடு சேர்ந்துகொண்டோம். ஒரு வீட்டில் அரை நாள், இன்னொன்றில் ஒரு நாள், எங்கள் வீட்டில் ஒன்றரை நாள். மொத்தம் மூன்று நாள் தொடர் வேலை என்றதும் கொத்தனார் மறு பேச்சில்லாமல் வந்தார். மணல் ஒரே லோடு, வண்டி வாடகையை மூன்றாகப் பிரித்தோம். மிஞ்சின சிமெண்ட் கட்டிப் போகவில்லை. நடு வீட்டு மதினி மட்டும் 'எங்க வீட்டுக்கு நாலு சட்டி கம்மி' என்று முணுமுணுத்தாள். அது எங்கும் உள்ளதுதான்.

இனி அந்த 200 ரூபாய்க்கு வருகிறேன். பேரம் பேசும்போது நாம் கை வைப்பது பெரும்பாலும் சித்தாள் கூலியில்தான். கொத்தனாரிடம் குறைக்கக் கேட்கக் கூச்சம், 'சித்தாளுக்கு அம்பது கொறைச்சுக்கிடலாம்லா' என்று கேட்க மட்டும் கூச்சமே இல்லை. ஆண் கையாளும் அதே சட்டியைத்தான் தூக்குகிறார், அதே ஏணியில்தான் ஏறுகிறார். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. நம் வீட்டு வாசலுக்குள் அது இன்னும் வரவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் நம் மாநிலத்தில் 1994-ல் அமைந்தது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவி உண்டு. வேலைக்கு வரும் அக்காமாரிடம், 'கார்டு போட்டாச்சா, புதுப்பிச்சாச்சா' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். டீ கொடுக்கும்போது கேட்கலாம், காசா பணமா?

எங்கள் வீட்டுக்கு வந்த சித்தாளுக்கு நாற்பது வயது இருக்கும். மூன்றாவது நாள் கொத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மதியத்தோடு போய்விட்டார். தட்டோடு இடுக்கில் பால் ஊற்றி, கரண்டி முனையால் இழுத்து மூடும் வேலை பாக்கி. "நான் இழுக்கட்டுமாக்கா?" என்றாள். செய்யச் சொன்னேன். இரண்டரை மணி நேரத்தில் முடித்தாள். அந்த வருஷம் கார்த்திகை முழுக்க அந்த மூலையில் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. "எட்டு வருஷமா கரண்டி புடிக்கத் தெரியும்க்கா. கரண்டியக் கையில தந்தா கூலியையும் தரணும்லா, அதான் தர மாட்டாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பக்கத்துக் கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் கொத்து வேலை பழகி வீடே கட்டிக் கொடுக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் இருந்த லாரி பேக்கர் என்ற வெள்ளைக்காரக் கட்டடக்காரர், 2007-ல் காலமானார், செலவு குறைத்துக் கட்டுவதையே தொழிலாக வைத்திருந்தார். சாமானியர் படித்துப் புரிந்துகொள்ளப் படம் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். நம் ஊரில் தையல், எம்பிராய்டரி, ஊறுகாய் என்று பெண்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்களே, அதோடு பூச்சு வேலையையும் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? மகளிர் குழுக்களில் இருக்கும் சகோதரிகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் பகல் நேரத்தில், குளியலறைக்குள் வேலை பார்க்க ஒரு பெண் வந்தால் நமக்கும் நிம்மதிதானே. அரை நாள் வேலைக்கு வர ஆண் கொத்தனாருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு அரை நாள் மட்டும் வேலை வேண்டும் என்று தேடுகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

இந்த ஆவணிக்கு எங்கள் தெருவில் நாலு வீட்டு மாடியில் தட்டோடு இடுக்கு மூட வேண்டியிருக்கிறது. அந்தச் சித்தாளிடமே கேட்டோம். கொத்தனார் கூலி தருகிறோம், கூட ஒரு ஆளையும் நீயே கூட்டி வா என்றோம். இரண்டு நாள் யோசித்தாள். வீட்டில் என்ன சொன்னார்களோ தெரியாது. அவளுடைய மதினி மகளைக் கையாளாகக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு 800 கேட்டிருக்கிறாள். நாலு வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டேன், நடு வீட்டு மதினி உட்பட. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை.